மின்வாரியம் உங்கள் ஏசியைச் சற்றே நிறுத்தினால்: நோயாளி இருக்கும் வீடுகள் அறிய வேண்டியவை

கோடை மாதங்களில் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோர் மருந்தைப் பற்றிக் கேட்கும் அளவுக்கு மின்சாரத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். இதயம் பலவீனமான தாயாரைத் தரங்கம்பாடியில் வைத்துப் பராமரிக்கும் மகள் ஒருவர் அண்மையில் எங்களிடம் ஓர் ஐயத்தை எழுப்பினார். அவருடைய தம்பி ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் வசிக்கிறார். அங்கே மின்தேவை உச்சத்தைத் தொடும் மாலைகளில், மின் நிறுவனமே வீட்டு ஏசியின் வேகத்தைத் தொலைவிலிருந்து குறைக்கிறது. இதற்கு முன்கூட்டியே சம்மதித்த வீடுகளுக்கு ஊக்கத்தொகையும் கொடுக்கிறது. “இப்படி ஒரு திட்டம் நம் ஊருக்கும் வந்தால், அம்மா இருக்கும் வீட்டில் நாங்கள் சம்மதிக்கலாமா, டாக்டர்?” என்பது அவருடைய கேள்வி.

தரங்கம்பாடி வீடுகளுக்கு அத்தகைய அழைப்பு இன்னும் வரவில்லை. ஆயினும் இக்கேள்வி வீண் கேள்வியன்று. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதே மாதம் 30ஆம் தேதி நாட்டின் மொத்தத் தேவை 250 கிகாவாட் அளவை எட்டியது. மத்திய அரசு 2023இல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள், ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்ட வீடுகளில் உச்சநேர மின்சாரத்துக்கு ஒரு விலையும், வெயில் நேர மின்சாரத்துக்குக் குறைந்த விலையும் வைக்க வழிவகுத்துள்ளன. மும்பையில் டாடா பவர் நிறுவனம், உச்சநேரத் தேவையைக் குறைக்க முன்வரும் வாடிக்கையாளர்களைத் திரட்டும் திட்டம் ஒன்றை 2023இல் அறிவித்தது. வீட்டு இணைப்புகளும் அதில் அடங்கும். எனவே அழைப்பு வரும் நாளில் அவசரத்தில் முடிவெடுப்பதைவிட, இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

முறை வைத்துத் தண்ணீர் விடுவது போல

காவிரிப் படுகையில் வாழ்பவர்களுக்கு இத்திட்டத்தின் அடிப்படையைப் புரிந்துகொள்வது கடினமன்று. மேட்டூர் அணையில் நீர் குறைந்த ஆண்டுகளில் எல்லா ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் விடுவதில்லை. ஒன்றுக்குச் சில நாள், மற்றொன்றுக்குச் சில நாள் என முறை வைத்து விடுகிறார்கள். வயலின் ஈரம் காய்வதற்குள் முறை திரும்பி வந்துவிட்டால் பயிர் வாடுவதில்லை. பம்புசெட்டுகளுக்கு மும்முனை மின்சாரம் நேரம் பிரித்து வழங்கப்பட்டதும் இதே வழியில்தான்.

ஏசியிலும் அதுவே நிகழ்கிறது. ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது ஏறத்தாழ 1,500 வாட் மின்சாரத்தை எடுக்கிறது. அதில் பெரும்பகுதி வெளியே உள்ள கம்ப்ரசருக்குச் செல்கிறது; அறைக்குள் காற்றைத் தள்ளும் விசிறிக்கு வேண்டியது மிகக் குறைவு. இத்திட்டங்களில் மின் நிறுவனத்தின் சிக்னல் கம்ப்ரசரை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. சில நாடுகளில் அரை மணிக்கு 15 நிமிடம் கம்ப்ரசர் நிற்கும்; விசிறி ஓடிக்கொண்டிருக்கும். பிரிஸ்பேன் உள்ள குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கம்ப்ரசர் நிற்பதில்லை. அதன் மின் நுகர்வு முக்கால் அளவுக்கோ பாதி அளவுக்கோ இறக்கப்படுகிறது.

ஆயிரம் வீடுகளில் இத்தகைய ஏசிகள் முழு வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். தேவை ஒன்றரை மெகாவாட். முதல் கால் மணி நேரம் ஐந்நூறு வீடுகளும், அடுத்த கால் மணி நேரம் மற்ற ஐந்நூறு வீடுகளும் கம்ப்ரசரை நிறுத்தினால், மின்பாதையின் சுமை முக்கால் மெகாவாட்டாகக் குறைகிறது. ஒரு வீடும் முற்றிலும் இருட்டில் இருப்பதில்லை. அறையின் சுவர், தரை, கட்டில் ஆகியவை தேக்கி வைத்த குளிர்ச்சி அந்தக் கால் மணி நேரத்தைத் தாங்குகிறது.

இப்படிப் பகிர்ந்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் அறிவோம். கதிரவன் மறைந்ததும் சூரிய மின்சாரம் நின்றுவிடுகிறது. அதே வேளையில் படுக்கையறை ஏசிகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்குகின்றன. மே மாத இரவில் தெருவின் டிரான்ஸ்ஃபார்மர் சுமை தாங்காமல் ஃபியூஸ் போவதும், மின்னழுத்தம் குறைந்து ஏசி தானாகவே நின்றுவிடுவதும் நம் அனுபவத்தில் உள்ளவை. 2012ஆம் ஆண்டு தமிழகத்தின் மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பல மணி நேரம் நீடித்த மின்வெட்டையும் நாம் மறந்திருக்க முடியாது. அத்தகைய மின்வெட்டில் ஏசியுடன் மின்விசிறியும், குளிர்சாதனப் பெட்டியும், நோயாளியின் ஆக்சிஜன் கருவியும் சேர்ந்தே நின்றுவிடுகின்றன. ஏசி ஒன்றை மட்டும் சிறிது நேரம் கட்டுப்படுத்துவது இதைவிடப் பாதுகாப்பானது. ஆனால் எல்லோருக்கும் அது பாதுகாப்பானதா என்பதே மருத்துவர்களாகிய எங்கள் கவலை.

வெப்பத்தை உடல் எவ்வாறு வெளியேற்றுகிறது?

ஓய்வாகப் படுத்திருக்கும் ஒருவரின் உடலும் ஏறத்தாழ ஒரு பழைய நூறு வாட் குண்டு பல்பு அளவு வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. இதை வெளியேற்ற உடலுக்கு இரண்டு முக்கிய வழிகள் உள்ளன. ஒன்று, தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்பி வெப்பத்தைக் காற்றில் விடுவது. இதற்கு இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். மற்றொன்று, வியர்வை ஆவியாகும்போது வெப்பம் வெளியேறுவது. ஒரு லிட்டர் வியர்வை முழுமையாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வழிந்து தரையில் சொட்டும் வியர்வையால் அந்தப் பயன் இல்லை.

இங்கேதான் கடற்கரை ஊரின் நிலை வேறுபடுகிறது. தரங்கம்பாடியில் வெப்பமானி காட்டும் எண் உள்நாட்டு நகரங்களைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் காற்றில் ஈரம் மிகுதி. ஈரக் காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. இதனால்தான் இந்திய வானிலைத் துறை, சமவெளியில் 40 டிகிரியை எட்டினால் கருதத் தொடங்கும் வெப்ப அலையை, கடலோரத்தில் 37 டிகிரியிலேயே, அது இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாக இருந்தால், கணக்கில் கொள்கிறது. மேற்குக் காற்று வலுத்து, பிற்பகலில் வர வேண்டிய கடற்காற்று தாமதமாகும் நாட்களே நமக்குக் கடுமையான நாட்கள்.

ஏசி அறையைக் குளிர்விப்பதுடன் காற்றின் ஈரத்தையும் நீராக்கி வெளியேற்றுகிறது. கம்ப்ரசர் நின்று விசிறி மட்டும் ஓடும்போது, உள்ளே உள்ள குளிர்ச்சுருளில் படிந்த நீர் மீண்டும் ஆவியாகி அறைக்கே திரும்புகிறது. ஆகவே இடைவேளையின்போது வெப்பநிலை ஓரளவே உயர்ந்தாலும் ஈரப்பதம் அதைவிட விரைவாக ஏறக்கூடும். “வெப்பம் அதிகமில்லை, ஆனால் புழுக்கமாக இருக்கிறது” என்று நோயாளி சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டும். அவ்வேளையில் மேல்விசிறியை ஓட விடுவது மிகவும் பயன் தரும். அது தோலின் மேல் காற்றை ஓட்டி, வியர்வை ஆவியாக உதவுகிறது. விசிறியால் பயன் உண்டு என்பது அறை வெப்பம் 40 டிகிரிக்குக் கீழ் இருக்கும் வரை பொருந்தும்.

வெப்பம் உயிரைப் பறிக்கும் என்பதில் ஐயமில்லை. 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வீசிய வெப்ப அலையில் எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். படுக்கையிலேயே கிடந்தவர்களும் தனித்து வாழ்ந்தவர்களும் அதிகம் பாதிக்கப்பட்டனர், ஓடும் ஏசி இருந்த வீட்டினர் குறைவாகப் பாதிக்கப்பட்டனர். 2010 மே மாதம் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட ஏறத்தாழ 1,300 மரணங்கள் கூடுதலாக நிகழ்ந்தன. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. எனவே சில நோயாளிகளுக்கு ஏசி ஆடம்பரப் பொருளன்று. சிகிச்சையின் ஒரு பகுதி.

யார் சம்மதிக்கலாம்? யார் கூடாது?

உடல்நலமுள்ள பெரியவர்களும், நோய் கட்டுப்பாட்டில் உள்ள பெரும்பாலான நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளும், எழுந்து நடமாடி, தாகம் எடுத்தால் தாமே தண்ணீர் அருந்தக்கூடியவர்களாக இருந்தால், கால் மணி நேர இடைவேளைகளால் தீங்கடைய வாய்ப்பு மிகக் குறைவு. அவர்கள் சம்மதிப்பதால் ஊரின் மின்பாதை காக்கப்படுகிறது. அதே பாதையில் உள்ள பலவீனமான நோயாளிகளும் அதனால் பயன் பெறுகிறார்கள்.

பின்வருவோர் இருக்கும் அறையின் ஏசியை இத்திட்டத்தில் சேர்க்க வேண்டாம் என்பது எங்கள் அறிவுரை. சேர்க்க விரும்பினால் முதலில் தங்கள் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, இதயச் செயலிழப்பு உள்ளவர்களும், சிறுநீரகச் செயலிழப்பால் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும். இவர்களுக்கு நாங்களே நீரின் அளவைக் கட்டுப்படுத்தியிருக்கிறோம். மற்றவர்களைப் போல “நிறையத் தண்ணீர் குடியுங்கள்” என்று இவர்களிடம் சொல்ல முடியாது. இவர்களுக்குக் குளிர்ந்த அறையே முதல் பாதுகாப்பு.

இரண்டாவது, தம் துன்பத்தைச் சொல்ல இயலாதவர்கள். மறதிநோய் உள்ள முதியவர், பக்கவாதத்தால் பேச்சிழந்தவர், படுக்கையோடு இருப்பவர், கைக்குழந்தை ஆகியோர் போர்வையை விலக்கவோ விசிறியைக் கூட்டவோ இயலாதவர்கள். முதுமையில் தாக உணர்வும் மங்குகிறது.

மூன்றாவது, வியர்க்கும் திறன் குறைந்தவர்கள். கழுத்துப் பகுதியிலோ மேல் முதுகிலோ தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள், உடலின் பெரும்பகுதியில் தீக்காயத் தழும்பு உள்ளவர்கள் இதில் அடங்குவர். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களுக்கு வியர்வை இயல்பாக இருந்தாலும், உடல் வெப்பம் சிறிது ஏறினாலே கைகால் பலமும் பார்வையும் தற்காலிகமாகக் குறையலாம்.

நான்காவது, சில மருந்துகளை உட்கொள்பவர்கள். ஃபுரோசிமைடு போன்ற நீர் மாத்திரைகளும் டாபாகிளிஃப்ளோசினும் உடல் நீரைக் குறைக்கின்றன. மெட்டோபிரலால், அட்டெனலால் போன்றவை தோலுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தையும் இதயத் துடிப்பின் உயர்வையும் மட்டுப்படுத்துகின்றன. அமிட்ரிப்டிலின், டிரைஹெக்சிஃபெனிடில், குளோர்ப்ரோமசின் ஆகியவை வியர்வையைக் குறைக்கக்கூடும். லித்தியம் எடுப்பவருக்கு நீரிழப்பு ஏற்பட்டால் இரத்தத்தில் அம்மருந்தின் அளவு ஆபத்தான நிலைக்கு உயரலாம். இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்திவிட வேண்டாம். இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்து, நலமாக நடமாடுபவர் பலர் உள்ளனர். இரண்டு மூன்று சேர்ந்து எடுப்பவரும், கூடவே வயது முதிர்ந்தவரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை

எந்த அறை எவ்வளவு தாங்கும் என்பதை எந்த நிறுவனமும் உங்களுக்குச் சொல்ல முடியாது. தடித்த சுவரும் தாழ்வாரமும் உள்ள பழைய வீட்டின் கீழ்த்தள அறை மெதுவாகச் சூடேறும். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள கான்கிரீட் அறையோ, பகல் முழுவதும் வாங்கிய வெயிலை இரவில் உள்ளே இறக்கும். ஆகவே மேலே கூறிய நான்கு பிரிவுகளில் சேராதவர்கள், புழுக்கமான ஒரு நாள் மாலையில் இதைச் செய்து பார்க்கலாம்.

வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும் சிறிய கருவி ஒன்றை, ஏசியின் காற்று நேரே படாதவாறு கட்டிலருகே வையுங்கள். அறை வழக்கம்போல் குளிர்ந்த பின் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கதவுகளை மூடி, மேல்விசிறியை ஓட விட்டு, ஏசியை விசிறி நிலைக்கு மாற்றி 15 நிமிடம் வைத்திருங்கள். மீண்டும் அளவுகளைக் குறித்துவிட்டு, அடுத்த 15 நிமிடம் குளிர்நிலையில் ஓட்டுங்கள். இரண்டு மணி நேரம் இப்படி மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அறை முன்னைய அளவுக்குத் திரும்பினால் அவ்வறை தாங்கும். ஒவ்வொரு சுற்றிலும் சூடு ஏறிக்கொண்டே போய் 30 டிகிரியைத் தாண்டினாலோ, இருப்பவருக்கு மூச்சிரைப்பு, தலைசுற்றல், படபடப்பு, மிகுந்த சோர்வு தோன்றினாலோ உடனே நிறுத்திவிடுங்கள். அவ்வறை இத்திட்டத்துக்கு உகந்ததன்று.

கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியவை

திட்டம் வரும் நாளில், கட்டுப்படுத்தப்படுவது ஏசி மட்டுமா, வீட்டின் முழு இணைப்பா என்பதை முதலில் கேளுங்கள். ஒரு தடவைக்கு எத்தனை நிமிடம், ஒரு நாளில் எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு அதிகபட்சம் எத்தனை நாள் என்பதை எழுத்தில் பெறுங்கள். குறுஞ்செய்தியாக முன்னறிவிப்பு வருமா, நோயாளி இருக்கும் வீடு எனப் பதிந்து விலக்குப் பெற முடியுமா என்றும் அறிந்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, நோயாளிக்கு முடியாதபோது அக்கணமே கட்டுப்பாட்டை நீக்கும் உரிமை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2022 ஆகஸ்ட் இறுதியில், கடும் வெயில் நாளொன்றில், ஏறத்தாழ 22,000 வீடுகளில் ஏசியின் வெப்ப அளவைச் சில மணி நேரம் மாற்ற முடியாமல் போயிற்று. ஊக்கத்தொகை பெற்றுத் தாமாகவே திட்டத்தில் சேர்ந்தவர்கள் அவர்கள். வழக்கமான நாட்களில் அளவை மாற்றிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்தது. மின் நெருக்கடி நாளில் அது இல்லை என்பதைப் பலர் அன்றுதான் அறிந்தனர். நமக்கு அந்த உரிமை மிகவும் தேவைப்படுவதும் அத்தகைய நாளில்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மின் கட்டணத்தைச் செலுத்துபவர் வெளியூரில் இருக்கும் மகனாகவோ, வீட்டு உரிமையாளராகவோ இருக்கலாம். கைப்பேசியில் ஒப்புதல் தருபவரும் அவராகவே இருக்கலாம். புழுக்கத்தைத் தாங்கப் போகிறவர் அந்த அறையில் படுத்திருப்பவர். அவரைக் கேளாமல் எவரும் சம்மதிக்கக் கூடாது.

திட்டம் இல்லாமலே செய்யக்கூடியவை

திட்டம் வராவிட்டாலும் உச்சநேரச் சுமையைக் குறைப்பது நம் கையில் உள்ளது. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்குமாறு அமைக்கப்படுகின்றன. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. பெரும்பாலானவர்களுக்கு மேல்விசிறியுடன் 26 டிகிரி போதுமானது. பிற்பகலிலேயே அறையைக் குளிர்வித்து, சன்னல் திரைகளை மூடி வைத்தால், இரவில் கம்ப்ரசரின் வேலை குறையும்.

மின்வெட்டுக்கும் ஆயத்தமாக இருங்கள். வீட்டில் ஆக்சிஜன் கருவி பயன்படுத்துவோர், நிரம்பிய சிலிண்டர் ஒன்றை மாற்றாக வைத்திருக்க வேண்டும். அதைத் திறந்து பொருத்த வீட்டில் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள இன்சுலினை 30 டிகிரிக்கு மேல் வெப்பம் படாமல் காக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி நின்றுவிட்டால், நீர் புகாதவாறு கட்டிய பையில் இட்டு, ஈர மணல் சூழ்ந்த மண்பானையில் நிழலில் வைக்கலாம்.

வெப்பத்தில் இருந்த ஒருவர் உளறினாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவிழந்தாலோ, உடல் தொட்டால் கொதித்தாலோ அது வெப்பத்தாக்கு என்றே கொள்ளுங்கள். 108 எண்ணை அழையுங்கள். வண்டி வரும்வரை உடைகளைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது.

தாயாருக்காகக் கேட்ட அந்த மகளுக்கு நாங்கள் சொன்ன விடை இதுதான். அம்மா படுத்திருக்கும் அறையின் ஏசியைச் சேர்க்க வேண்டாம். நீங்களும் பிள்ளைகளும் உறங்கும் அறையின் ஏசிக்குத் தாராளமாகச் சம்மதியுங்கள். முறைத் தண்ணீர்க் காலத்தில் வேரூன்றிய பயிர் ஒரு முறை தள்ளிப்போனாலும் தாங்கும், நாற்றங்கால் தாங்காது. நடவு வயல்காரர் விட்டுக்கொடுக்கும் தண்ணீரில்தான் நாற்று பிழைக்கிறது. உங்கள் வீட்டில் நாற்று யார், பயிர் யார் என்பதில் ஐயம் இருந்தால், அடுத்த வருகையின்போது மருந்துச் சீட்டுடன் வந்து எங்களைக் கேளுங்கள்.